களைக்காட்டுப் பிரசங்கியார்

தாமிரபரணிக்குத் தெற்கே, புஞ்சைக் கிராமம் ஒன்றில் சுவிசேஷமுத்து என்ற ஏழை விவசாயி இருந்தார். விடிந்ததும் மாடுகளைக் கமலையில் பூட்டித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பார். மாடுகள் முன்னும் பின்னும் நடக்க, அவர் வாய் ஜெபித்தபடியே இருக்கும்.

அவரும் மனைவி சீனியம்மாளும் ஞானஸ்நானம் பெற்ற மறுநாளே, அவர் ஊர் சிரிக்கும்படியான ஒரு காரியம் செய்தார். பக்கத்துப் புஞ்சைக் காட்டுக்காரர் வீட்டுக்குப் போய், பத்து வருஷத்துக்கு முன் எல்லைக்கல்லை இரண்டு முழம் தள்ளி நட்டது தாம்தான் என்று சொல்லி, தம் கையாலேயே அதைப் பழைய இடத்தில் நட்டுக் கொடுத்தார். யாரும் கேட்காத குற்றத்தை வலியப் போய் ஒப்புக்கொண்ட பைத்தியம் என்று ஊர் பேசியது. அவருக்கோ நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. அந்தச் சமாதானத்தை நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

குருவானவர் பாக்கியநாதரிடம் போய், ஊர் ஊராகப் பேச அனுமதி கேட்டார். குருவானவர் ஐந்து வேதக் கேள்விகள் கேட்டார். ஒன்றுக்கும் சரியான பதில் வரவில்லை. அது படித்த உபதேசியார்கள் செய்கிற ஊழியம், நீர் போய் ஏரைப் பிடியும் என்று அனுப்பிவிட்டார்.

அந்தக் கோடையில் மாடுகள் இரண்டும் நோய் கண்டு ஒரே வாரத்தில் செத்தன. புதுச் சாமிக்கு மாட்டைக்கூடக் காப்பாற்றத் தெரியவில்லையே என்று மைத்துனர் கேலி பேசினார். சீனியம்மாள் அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"மாடுதானே போச்சு. கை இருக்குல்லா. வாங்க, களையெடுக்கப் போவோம்," என்றார்.

அன்று முதல் இருவரும் கூலி வேலைக்குப் பல ஊர்களுக்கும் நடந்தார்கள். ஒரே கிணற்றடியில் கிடந்த மனிதர் இப்போது ஏழு ஊர்க் காடுகளில் நின்றார்.

மூன்று வருஷம் சென்றது. அனுமதி இல்லாத ஒருவர் பிரசங்கம் பண்ணுகிறார் என்று குருவானவருக்குப் புகார் போயிற்று. அதைத் தடுத்து நிறுத்துவதென்று முடிவு செய்து, உபதேசியார் எவரும் எட்டிப் பார்க்காத புளியம்பொட்டலுக்கு அவர் வந்து சேர்ந்தார். காட்டோரத்தில் கூலிக்காரர்கள் நாற்பது பேர் மத்தியானக் கஞ்சிக்கு முன் முழங்காலிட்டிருந்தார்கள். உங்களுக்குப் பிரசங்கம் பண்ணியது யார் என்று கேட்டார். முத்தக்காள் என்ற பெண் எழுந்தாள்.

"அவுக பிரசங்கமெல்லாம் பண்ணலை ஐயா. களையெடுக்கையில, எல்லைக்கல்லைத் தள்ளி நட்ட தப்பைச் சொன்னாக. கண்ணு கலங்குச்சு. உடனே சிரிச்சாக. எப்படிச் சிரிப்பு வருதுன்னு நாங்கதான் கேட்டோம்."

குருவானவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காட்டுக்குள் இறங்கினார். அங்கே கடைசிச் சாலில் களையெடுத்துக்கொண்டிருந்த சுவிசேஷமுத்து மண் கையோடு எழுந்து நின்றார். அவரிடம் பயம் இல்லை.

"பேசக் கூடாதுன்னா பேசலை ஐயா. ஆனா கேக்கிறவங்களுக்குச் சொல்லாம இருக்க எனக்குத் தெரியலை."

குருவானவர் அந்த மண் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் கேட்டதற்கு உமக்குப் பதில் தெரியவில்லை. இவர்களுக்குச் சொல்ல வேண்டியதை உமக்குக் கற்றுக்கொடுத்தவர், என்னிடம் அனுமதி கேட்கவில்லை," என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். குருவானவர் தாம் பேச வேண்டிய இடத்தில் சுவிசேஷமுத்துவை நிறுத்திவிட்டு, ஜனங்களோடு தரையில் உட்கார்ந்து கேட்டார். ஆண்டவர் தம் வாயாக வைத்துக்கொண்ட அந்த உழவரை நினைக்கையில், நமக்கும் வாய் திறக்கத் தைரியம் வருகிறது.