கூரை மேல் ஒரு கோடு புகை

முன்னொரு காலத்தில், மயில்கள் மனிதர்களோடு வழக்காடிய நாளில், வேங்கைநாட்டு அரசருக்கு ஏரிக்கரையில் ஒரு தோட்ட வீடு இருந்தது. ஏழு மரம், ஐந்து ஜன்னல், ஒரு கதவு. அதைக் காத்துவந்தவன் காத்தமுத்து. அவன் மனைவி மருதாயி.

ஒருநாள் மாலை மருதாயி சந்தைக்குப் போயிருந்தாள். அப்போது பிறர் கண்ணீரில் கொழுக்கும் நீலகேது என்ற மந்திரவாதி வந்து, அந்த வீட்டைத் துணியில் வரைந்தான். கடைசிக் கோடு விழுந்ததும் வீடு மறைந்தது. உள்ளே சமைத்துக்கொண்டிருந்த காத்தமுத்துவும் மறைந்தான்.

படத்தை நீலகேது அரண்மனைக்குக் கொண்டுவந்தான். சாம்பல் வானம், அசையாத ஏரி, இருண்ட ஜன்னல்கள். பார்த்தவர் எல்லாரும் அழுதார்கள். அரசரும் அழுதார்.

"கொளுத்துங்கள் இதை!" என்றார் அரசர்.

"ஐயோ மகாராசா, உள்ளே என் வீட்டுக்காரர் இருக்கார்!" என்று ஓடிவந்தாள், காணாமல்போன வீட்டைத் தேடி அலைந்த மருதாயி.

நீலகேது சிரித்தான். "மூன்று தரம் தூரிகை வை. பார்ப்பவர் யாராவது சிரித்தால் மாயம் முறியும். உனக்கெங்கே அது வரப்போகிறது? துடைப்பம் பிடித்த கை!"

"மூன்றுதான். அதற்குமேல் நாடு அழ முடியாது" என்றார் அரசர்.

முதல் தரம் சூரியனை வரைந்தாள். மேகம் அதை விழுங்கியது. இரண்டாம் தரம் ஒரு தாமரை வரைந்தாள். அது தலை கவிழ்ந்தது. தீப்பந்தம் நெருங்கியது.

மருதாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணினாள். ஏழு மரம், ஐந்து ஜன்னல், ஒரு கதவு. எல்லாம் சரி. ஆனால் ஒன்று குறைகிறதே!

"அடேய், அன்றைக்கு நான் சந்தைக்குப் போகும்போதே அடுப்பு எரிந்துகொண்டிருந்ததே. புகை எங்கே?"

நீலகேது முகம் வெளுத்தது. "அது... படத்துக்கு அழுக்கு என்று விட்டுவிட்டேன்."

மூன்றாம் தரம், ஓட்டுக் கூரைமேல் மெல்லியதாய் ஒரு கோடு புகை இழுத்தாள். கோடு நெளிந்தது, மேலே எழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து ஜன்னலிலும் வெளிச்சம் வந்தது. ஏரியில் அலை புரண்டது.

அரசர் மூக்கை உறிஞ்சினார். "என் மாளிகையில் யாரடா கருவாடு சுடுவது?" என்றவர், விழுந்து விழுந்து சிரித்தார்.

கதவு திறந்தது. கரண்டியும் கையுமாய்க் காத்தமுத்து சபையில் குதித்தான். "எங்கே போனாய் மருதாயி? சோறு ஆறுது!"

நீலகேதுவின் தூரிகை மயிரெல்லாம் உதிர்ந்தது. வெறுங்குச்சியோடு ஓடியவன் திரும்பவே இல்லை. ஏரிக்கரையில் வீடு மீண்டும் எழுந்தது. அதை அரசர் அவர்களுக்கே கொடுத்தார். மாதம் ஒருமுறை கருவாடு தின்ன அவரும் வந்துபோனார்.

துணியில் இருந்த படம்? இன்றும் அரண்மனைச் சுவரில் இருக்கிறது. சாயங்காலமானால் பாருங்கள், அதில் புகை எழும். பார்க்கிறவருக்குப் பசியும் எடுக்கும், சிரிப்பும் வரும்.