வெண்ணெய் உத்தரவு

கோபியில் பழைய பைக் விற்கும் குருநாதனுக்கு வாய் நீளம். ஆள் வந்தால், "ஒரே உதையில் கிளம்பும்" என்பார். கிளம்பவும் செய்யும். மறுநாள் விடியலில் உதைத்து உதைத்து, வாங்கியவன் கால் வீங்கிவிடும். வந்து கேட்டால், "உதைக்கத் தெரியாதவனுக்கு எதுக்குடா வண்டி?" என்று விரட்டுவார்.

மார்கழிக் குளிரில் ஒருநாள் வெண்ணெய்க்காரி தெய்வாத்தாள் வந்தாள். விடிகாலையில் ஊர் ஊராகப் போய் விற்க அவளுக்கு வண்டி வேண்டும்.

"ஒரு வாரமா இதை யாரும் தொடலை அம்மிணி. இப்பப் பாரு" என்று குருநாதன் காலைத் தூக்கினார்.

"இருங்கண்ணா. எங்க வழக்கப்படி முதல்ல வெண்ணெய் சாத்தோணும். வெண்ணெய் நின்னாத்தான் சாமி உத்தரவு." தூக்குப்போசியிலிருந்து ஓர் உருண்டை எடுத்து எஞ்சின் மேல் அப்பினாள். அது சொய்யென்று உருகி ஓடியது. பக்கத்து டீக்கடைக் கூட்டம் எட்டிப் பார்த்தது.

ஒரே உதையில் கிளம்பட்டும் என்று அவள் வருமுன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்ததைக் குருநாதன் எப்படிச் சொல்வார்?

"உத்தரவு வரலீங்க. வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன்" என்று அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

டீக்கடையில் வடை தீர்ந்து போண்டா வெந்தபோது எஞ்சின் ஆறியிருந்தது. அடுத்த உருண்டையை வைத்தாள். அசையாமல் நின்றது.

"இப்ப உதைங்கண்ணா."

உதைத்தார். சோக்கை இழுத்து உதைத்தார். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உதைத்தார். வண்டி இருமக்கூட இல்லை.

தெய்வாத்தாள் போசியை மூடினாள். "வெண்ணெய் அப்படியே இருக்குதுங்கண்ணா. நீங்கதான் உருகறீங்க."