எலும்பிக்கு ஒரு மத்தி

தொண்டிப் பக்கம் கடலோரத்தில் ஒரு மீன்குஞ்சுப் பொரிப்பகம். அங்கே கொடுவாத் தாய்மீன்களைப் பார்த்துக்கொள்பவர் ரெக்சலின்; வயது முப்பத்திரண்டு. அவரிடம் தொழில் படிக்க வந்த சந்தியாகுவுக்கு ஐம்பத்தைந்து. குருவைவிடச் சீடருக்கு நரை அதிகம். இருவருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

சந்தியாகு தம் மீன்பிடிப் போட்டை விற்று, மீன் வளர்க்கக் கடலில் ஒரு கூண்டு போட்டிருந்தார். மறுநாள் காலை அதில் குஞ்சு விட வேண்டும். இது தவறினால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

பொரிப்பகத்தில் தாய்மீன் தொட்டிகள் ஐந்து. ஐந்து தாய்களின் குஞ்சுகளும் தயாராக இருந்தன. முதல் தொட்டியின் பெரிய மீனுக்கு ராணி என்று பெயர். போன வருஷம் கடலிலிருந்து பிடித்து வந்து கடைசித் தொட்டியில் விட்ட மீன் மெலிசு. அதற்கு எலும்பி என்று பெயர் வைத்தவரே சந்தியாகுதான்.

“டீச்சர், ராணி குஞ்சுதான் மளமளன்னு வளருது. எனக்கு அது மட்டும் போதும். இந்த எலும்பிக்கு எதுக்குத் தெண்டத் தீனி போடுறீங்க?”

ரெக்சலின் மத்தி வாளியை அவர் கையில் கொடுத்தார்.

“அண்ணே, உங்க வீட்ல நாலு ஆம்பளைங்க. எல்லாரும் ஒரே போட்லயா தொழிலுக்குப் போனீங்க?”

“எங்க ஆத்தா விட்டாத்தானே? ஆளுக்கொரு போட்டு. ரெண்டு பேரு ஒண்ணா ஏறினாலே கரையில நின்னு மண்ணை வாரித் தூத்தும்.”

“ஏன், நாலு பேரும் கெட்டிக்காரங்கதானே?”

“எங்களை மிஞ்ச ஊர்ல ஆள் கிடையாது. ஆனா நாலு பேருக்கும் ஒரே ரத்தம், ஒரே புத்தி. ‘ஒருத்தன் கோட்டை விடுற இடத்துல மத்தவனும் கோட்டை விடுவான், நாலு பொணமும் ஒண்ணா வரும்’னு ஆத்தா சொல்லும்.”

ஆத்தாவைப் பற்றிப் பேசும்போது சந்தியாகுவுக்குப் பெருமை தாங்காது.

“அது பேச்சைக் கேட்டதாலதான் நாலு பேரும் இன்னைக்கும் உசுரோட இருந்து சண்டை போட்டுக்கிட்டிருக்கோம்.”

ரெக்சலின் சிரித்துவிட்டார். பிறகு கேட்டார்.

“நாளைக்கு உங்க கூண்டுல எத்தனை குஞ்சு இறங்குது?”

“ரெண்டாயிரம்.”

“ரெண்டாயிரமும் ஒருத்தி பெத்ததா இருந்து, ஒரு நோய் வந்தா, அண்ணே?”

சந்தியாகு வாளியில் இருந்ததிலேயே பெரிய மத்தியாகப் பார்த்து எடுத்து, எலும்பியின் தொட்டியில் போட்டார்.