ஒரு ஸ்பூன் தண்ணீர்

"என் குழுவில் நாலு பேர் இருக்கிறார்கள், அம்மா. ஒருவருக்கும் புதிதாக எதுவும் தோன்றுவதில்லை."

மாசிலாமணி இப்படிச் சொன்னபோது ஆசிரமத்தின் குரு அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அவனுடைய குழு, கை நடுங்குகிறவர்களுக்காக ஒரு ஸ்பூன் செய்துகொண்டிருந்தது. ஆசிரமத்தின் முதியோர் இல்லத்தில் சவரியப்பன் என்றொருவர் இருந்தார். கஞ்சி மேலெல்லாம் சிந்துகிறதே என்று வெட்கப்பட்டு, பந்திக்கு வருவதை நிறுத்திவிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு தனியே சாப்பிட்டார். பல நாள் சாப்பிடுவதும் இல்லை.

இதுவரை செய்த ஸ்பூன்கள் எல்லாமே சிந்தின.

"அவர்களைத் திட்டுவாயோ?"

"ஒரு நாளும் இல்லை அம்மா. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்."

மறுநாள் குரு பட்டறைக்கு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்தார்.

மாசிலாமணி யோசனை கேட்டான். குழுவில் இருந்த தெய்வானை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். ஒன்றுமில்லை அண்ணே என்று உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்களும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, போன முறை செய்ததே நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள்.

கிளம்பும்போது குரு ஒரு ஸ்பூனை அவனிடம் கொடுத்தார்.

"நாளைக்கு இதில் தண்ணீர் நிரப்பி, அவர்கள் பேசி முடிக்கிறவரை பிடித்துக்கொண்டிரு. சிந்தக் கூடாது."

பிடித்தான். தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. பேச்சு காதில் மட்டும் விழுந்தது. முதலில் தயங்கித் தயங்கி வந்தது. பிறகு ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்தார்கள். பேசாமல் ஸ்பூனுக்கு ஒரு மூடி போட்டுவிடலாம் என்றான் சூசை. எல்லோரும் சிரித்தார்கள்.

மாசிலாமணிக்குக் கை கடுத்தது. நடுங்கியது. தண்ணீர் முழுவதும் வேட்டியில் கொட்டியது.

சிரிப்பு நின்றுவிட்டது.

அவன் நனைந்த வேட்டியைப் பார்த்தான். அவனுக்கே சிரிப்பு வந்தது. சவரியப்பன் ஐயாவுக்கு மூன்று வேளையும் இப்படித்தானே என்றான்.

தெய்வானை அருகில் வந்தாள்.

"பிடி கனமா இருந்தா கை இவ்வளவு ஆடாது அண்ணே. உள்ளே இரும்பு வச்சுப் பார்க்கலாம்."

"இது எப்போ தோணுச்சு உனக்கு?"

"ஆடி மாசமே." கொஞ்சம் தயங்கினாள். "சொல்லத்தான் வந்தேன். உங்க புருவம் ஏறிடுச்சு."

சில நாள் கழித்து மாசிலாமணி ஸ்பூனைத் திருப்பிக் கொடுக்க வந்தான்.

"தண்ணீர் சிந்தியதா?" என்று கேட்டார் குரு.

"முழுவதும் சிந்திவிட்டது, அம்மா."

"சவரியப்பனுக்கு?"

"புது ஸ்பூனில் கொஞ்சம்தான். இன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார். என் பக்கத்தில்."

குரு ஸ்பூனை வாங்கிக்கொள்ளவில்லை. சொம்பைச் சாய்த்து, அவன் கையிலிருந்த ஸ்பூனில் மறுபடியும் விளிம்புவரை தண்ணீர் ஊற்றினார். "நாளைக்கும் அவர்கள் பேசுவார்களே" என்றார்.