சங்கிலியைக் கழித்தால் பவளம்

கடவுள் மூளையைப் பங்கு வைத்த அன்று, வரிசை நீளமாக இருக்கிறதே என்று பாதியில் திரும்பியவர்கள் கட்டிய ஊர் கோணங்குளம். நல்ல ஊர்தான். அடிதடி கிடையாது, கோர்ட்டு கேஸ் கிடையாது. யார் எதைச் சொன்னாலும் கேட்பார்கள். கேட்டதை அப்படியே செய்வார்கள். தொல்லையே அங்கேதான்.

அந்த ஊருக்கு ஒருநாள் ஜீப்பில் வந்து இறங்கினார் டாக்டர் ஹெப்சிபா. சின்னப் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படிச் சாப்பிடுகிறார்கள், வயதுக்கேற்ற எடை இருக்கிறார்களா என்று ஆராய்ச்சி செய்கிறவர். பிள்ளைகளை ஒவ்வொருவராக எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தார். சங்கிலியின் மகள் பவளம் மட்டும் ஏறமாட்டேன் என்று அழுது ஊரைக் கூட்டினாள். மூன்று வயது. உடம்பு இருந்த இடம் தெரியாது, குரல் அடுத்த ஊர் வரை கேட்கும்.

"நீங்க பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஏறுங்க" என்றார் டாக்டர். சங்கிலி ஏறினான். எழுபது காட்டியது. பிள்ளையை இறக்கிவிட்டு அவனை மட்டும் ஏறச் சொன்னார். அறுபது.

"எழுபதுல உங்க அறுபதைக் கழிச்சா பிள்ளை பத்து கிலோ. வயசுக்கு இது காணாது. மூணு மாசத்துல வருவேன். எடை ஏறலைன்னா டவுன் ஆஸ்பத்திரியில சேர்த்துத்தான் பார்க்கணும்."

சங்கிலி பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டான். பவளம் பக்கத்தில் இல்லாமல் அவனுக்கு ஒருநாள்கூடத் தூக்கம் வராது. ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வீட்டில் எதைக் கட்டிக்கொண்டு படுப்பான்?

"பயப்படாதீங்க" என்றார் டாக்டர். "கேப்பைக் களி, முட்டை, முருங்கைக்கீரை, கடலை உருண்டை எல்லாம் கொடுங்க. வற்புறுத்தி ஊட்டாதீங்க. நீங்க ரசிச்சுச் சாப்பிட்டா அதைப் பார்த்துப் பிள்ளை தானா சாப்பிடும். சாப்பிடும்போது மட்டும் டி.வி., போன் எதையும் காட்டாதீங்க. அதுக்காக எடைய அளவுக்கு மிஞ்சி ஏத்திராதீங்க, அதுவும் வியாதிதான்." மெஷினை ஊரிலேயே வைத்துவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

ஊர் கூடியது. ஊருக்கே மூளை என்று பேர் வாங்கியவர் சங்கிலியின் மச்சான் கோமதிநாயகம். காலேஜ் பார்த்தவர். உள்ளே போனதில்லை, பார்த்தவர்.

"நாம சாப்பிடதப் பிள்ளைக்குக் காட்டணும்னு சொன்னாவ. பிள்ளை சாப்பிடும்போது எதையும் காட்டக்கூடாதுன்னும் சொன்னாவ. அப்ப நாம சாப்பிடத எப்ப காட்டுதது?"

எல்லோரும் தலையைச் சொறிந்தார்கள். சங்கிலி இரண்டு கையாலும் சொறிந்தான். அவன் பிள்ளையாயிற்றே.

"அவ சாப்பிடாத நேரத்துல காட்டணும்" என்றார் கோமதிநாயகம் கடைசியில். "அவ தட்டுல கைய வச்சதும் நம்மள மறைச்சிரணும்."

"எதை வச்சு மறைக்கது?" என்று கேட்டாள் சங்கிலியின் மனைவி குருவம்மா.

"போர்வைய வச்சு."

மறுநாளே ஆரம்பித்தார்கள். பவளத்தின் முன்னால் ஒரு தட்டு. எதிரே சங்கிலி முன்னால் ஒரு தட்டு. சங்கிலி களியை உருட்டி வாயில் போட்டுக் கண்ணை மூடி, "ஆகா" என்றான். ரசிக்கச் சொல்லியிருக்கிறார்களே. ஆறாவது ஆகாவில் பவளம் தன் தட்டில் கையை வைத்தாள்.

"வச்சிட்டா, மறை" என்றார் கோமதிநாயகம். நடுவில் போர்வை இறங்கியது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் நின்றது. போர்வையைத் தூக்கியபோது பவளத்தின் தட்டு காலி. அவள் பக்கத்தில் பூனை உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டிருந்தது.

"பிள்ளை சாப்பிட்டத யாராவது பாத்தியளா?" என்று கேட்டார் கோமதிநாயகம். யாரும் பார்க்கவில்லை. "அப்ப தின்னது பூனைதான்."

சாட்சி இல்லாமல் யாரையும் குற்றம் சொல்கிற ஊரில்லை அது. அதனால் தினமும் போர்வையை இறக்கிப் பார்த்தார்கள். தினமும் தட்டு காலி. பிறகு சங்கிலி பூனையைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறினான். அறுபத்தேழு. அறுபதைக் கழித்தார்கள். பூனை ஏழு கிலோ. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பூனையை ஊரைவிட்டுத் தள்ளி வைத்தார்கள்.

பூனை போன பிறகும் தட்டு காலியாகிக்கொண்டுதான் இருந்தது. "அப்ப இன்னொரு பூனை இருக்கு" என்றார் கோமதிநாயகம். பிள்ளை இன்னும் சாப்பிடப் பழகவில்லையே என்று சங்கிலி காலையில் இரண்டு முறை, மத்தியானம் இரண்டு முறை, பொழுது சாய்ந்தபின் ஒருமுறை ரசித்துக் காட்டினான். பெற்ற பிள்ளைக்காக எதைத்தான் செய்யமாட்டான்? தொப்பை தள்ளி, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டான்.

டாக்டர் வருவதற்குச் சில வாரம் முன்பு, ஒத்திகை பார்ப்போம் என்று மகளைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறினான். எழுபத்தெட்டு. கோமதிநாயகம் சுவரில் கரிக்கட்டையால் அறுபதைக் கழித்தார். பதினெட்டு வந்தது.

ஊர் வெலவெலத்துப் போனது. பத்து கிலோப் பிள்ளை பதினெட்டாகிவிட்டாள். அளவுக்கு மிஞ்சினாலும் வியாதி என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"இவ்வளவு எடை எங்கண்ணே இருக்கு?" என்றாள் குருவம்மா மகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

"உள்ளுக்குள்ள இருக்கும். பிள்ளைய ஓடவிடணும், அப்பத்தான் கரையும்."

"மூணு வயசுப் பிள்ளை எவ்வளவு ஓடும்? கால் வலிக்காதா?" என்றான் சங்கிலி. அதனால் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு அவனே ஓடினான். குளத்தைச் சுற்றி விடியற்காலையில் ஓட்டம், சாயங்காலம் ஓட்டம். பவளம் மேலே இருந்து "இன்னும், இன்னும்" என்றாள். அவளுக்கு ஓட ஓடப் பசித்தது. இறங்கியதும் போர்வைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள்.

இரண்டுநாளைக்கு ஒருமுறை இருவரும் மெஷினில் ஏறினார்கள். பதினெட்டாக இருந்த பவளம் பதினாறானாள், பதினாலானாள், டாக்டர் வருகிற அன்று பன்னிரண்டில் வந்து நின்றாள். சங்கிலிக்கு வேட்டியும் பழையபடி இடுப்பில் நின்றது. அதை யாரும் கவனிக்கவில்லை. அவனே கவனிக்கவில்லை.

டாக்டர் ஹெப்சிபா வந்தார். இருவரையும் சேர்த்து ஏற்றினார், எழுபத்திரண்டு. சங்கிலியை மட்டும் ஏற்றினார், அறுபது. "பன்னிரண்டு கிலோ. அருமை" என்றார். "ஆஸ்பத்திரியெல்லாம் வேண்டாம். எப்படிச் சாப்பிட வச்சீங்க?"

"அவ எங்கம்மா சாப்பிட்டா? எல்லாம் பூனைதான். நாங்க போர்வை பிடிச்சோம், மாப்ள ஓடினாரு" என்றார் கோமதிநாயகம்.

டாக்டர் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "இதையே செய்யுங்க" என்றார். "பிள்ளை இனிமே தனியா ஏறிப் பழகட்டும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

புழுதி அடங்குமுன் பவளம் தானாகவே மெஷினில் ஏறி நின்றாள். பயம் போயிருந்தது. பன்னிரண்டு காட்டியது. சங்கிலிக்குப் பெருமை தாங்கவில்லை.

"இரு மாப்ளே, இன்னும் கழிக்கல" என்றார் கோமதிநாயகம்.

சுவரில் வெகுநேரம் கழித்தார். திரும்பியபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"பன்னெண்டுல அறுபது போகல. நாப்பத்தெட்டு குறையுது. பிள்ளை ஒண்ணுமில்லாததுக்கும் கீழ போயிட்டா."

"கண்ணு முன்னால நிக்காளே அண்ணே."

"நிக்கது தெரியுது. கணக்குல இல்ல."

சங்கிலி ஓவென்று அழுதுகொண்டு ஓடிப்போய் மகளை அள்ளி எடுத்தான். எடுத்த இடம் மெஷினின் மேல். எழுபத்திரண்டு. கழித்தார்கள், பன்னிரண்டு. பிள்ளை வந்துவிட்டாள். இறங்கினான். பிள்ளை போய்விட்டாள். ஏறினான், வந்துவிட்டாள். ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"விசயம் இதுதான்" என்றார் கோமதிநாயகம். "உன் எடை கூட இருந்தாத்தான் அவ இருப்பா."

"நான் எப்பவும் கூட இருக்க முடியுமா மச்சான்? வயல் வேலைய யாரு பாக்கது?"

"அதுக்குத்தான் சொல்லுதேன். உன் எடைக்கு அறுபது கிலோ நெல்ல ஒரு மூட்டையில கட்டு. பிள்ளை போற இடத்துக்கெல்லாம் அது கூடப் போகட்டும். நீ நிம்மதியா வேலையப் பாரு."

"மூட்டைய யாரு தூக்குவா?"

"உன் எடைய நீதாம் தூக்கணும். ஊர்க்காரனா தூக்குவான்?"

நியாயமாகத்தான் பட்டது. அடுத்த வாரம் பவளத்தைப் பால்வாடியில் சேர்த்தார்கள். வயலுக்குப் போகவேண்டிய சங்கிலி மூட்டையை முதுகில் சுமந்தபடி மகளுக்குப் பின்னால் வந்து நின்றான். டீச்சர் மூட்டையைப் பார்த்து, "இது என்ன பாப்பா?" என்று கேட்டார்.

"எங்கப்பா" என்றாள் பவளம்.

டீச்சர் மூட்டைக்கு அடியில் குனிந்து பார்த்தார். "அப்போ நீங்க யாரு?"

சங்கிலி மூட்டையை ஒருமுறை உலுக்கி முதுகில் சரியாக ஏற்றிக்கொண்டான்.

"நான் அவருக்குத் துணைக்கு வந்தேங்க."