கசப்பு வரிசையும் காணாமல் போன வேரும்

ஒரு காட்டில் யாரும் யாரையும் நம்புவதில்லை, குழந்தைகளே. மயில் ஆடி முடித்ததும் இறகு ஏதாவது குறைந்திருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொள்ளும். கரடி தேனடையை மறைத்துவைத்துவிட்டு, அந்தப் பக்கம் போகிற எறும்பையெல்லாம் முறைக்கும். நரியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தன் நிழலையே இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்துவைக்கும். அப்படி ஒரு பிறவி!

இந்தக் காட்டில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஒரு சொத்து இருந்தது. அதுதான் மருந்துப் பாறை. ஆற்றோரம் நீளமாகக் கிடந்த அந்தப் பாறையின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு மருந்து இருக்கும். வேரோ, பட்டையோ, காய்ந்த இலையோ, ஏதோ ஒன்று.

பாறையைக் காத்துவந்தது அழுங்கு என்ற எறும்புதின்னி. அதற்கு உடம்பெல்லாம் செதில். நடை மகா மெதுவு. நாக்கு மட்டும் முழ நீளம். ஒவ்வொரு குழியாக நடந்து தேட அதற்கு முடியவில்லை. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தது. கசப்பே இல்லாத அதிமதுரத்தை இடது கோடிக் குழியில் வைத்தது. அதற்கடுத்த குழிகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசப்பு ஏறும். வலது கோடிக்குப் போனால் வாயே கோணிவிடும்.

யாராவது மருந்து கேட்டால் அழுங்கு நேரே நடுக்குழிக்குப் போய் நாக்கை நீட்டும். "நாம் தேடுவது இதைவிடக் கசப்பானதா? அப்படியானால் இடது பக்கம் முழுவதையும் விட்டுவிடலாம்" என்று சொல்லிக்கொள்ளும். பிறகு வலது பாதியின் நடுவுக்குப் போகும். அங்கேயும் ஒரு நக்கு. அதிலும் ஒரு பாதி கழிந்துவிடும். மூச்சு வாங்குவதற்குள் மருந்து கிடைத்துவிடும்.

மழைக்காலம் வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் புதுப் புற்றுகள் எழும்பியிருப்பதாகக் கேள்விப்பட்ட அழுங்குக்கு நாக்கில் எச்சில் ஊறியது. "நான் இல்லாதபோது பாறையை யார் பார்த்துக்கொள்வது?" என்று கேட்டது.

"நான் இருக்கிறேன்!" என்று மரத்திலிருந்து குதித்தது குரங்கு.

"தேடத் தெரியுமா?"

"தெரியாமல் என்ன? நடுவில் நக்கு, பாதியை விடு. மறுபடி நடுவில் நக்கு, மறுபடி பாதியை விடு. தினமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்!"

"சரிதான். ஆனால் அது எதனால் பலிக்கிறது என்றால்..."

"புரிந்தது, புரிந்தது! நீ கிளம்பு. ஈசலெல்லாம் பறந்துவிடப் போகிறது."

அழுங்கு போய்விட்டது. போன கையோடு ஆற்றில் வெள்ளம் வந்தது. அழுங்கு அக்கரையிலேயே மாட்டிக்கொண்டது.

குரங்குக்குத் தலைகால் புரியவில்லை. யார் எதைக் கேட்டாலும் நாலு நக்கில் எடுத்துக் கொடுத்தது. "பார்த்தாயா என் வித்தையை!" என்று கேட்காதவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டது.

ஒருநாள் காலையில் புள்ளிமான் அலறிக்கொண்டு ஓடிவந்தது.

"ஐயோ, என் குட்டியைப் பாம்பு கடித்துவிட்டது! விஷமுறி வேர் எங்கே? உச்சிவெயிலுக்குள் கொடுக்காவிட்டால் பிழைக்காது. சீக்கிரம் எடு!"

குரங்கு நடுக்குழிக்குத் தாவியது. நக்கியது. "விஷமுறி இதைவிடக் கசப்பு" என்று வலது பக்கம் தாவியது. மறுபடி நக்கியது. மறுபடி வலது பக்கம். கடைசியாக வலது கோடிக்கே போய்ச் சேர்ந்தது. அங்கே இருந்தது வெறும் குழி.

"காலி!" என்றது குரங்கு. அதன் முகத்தில் ஈயாடவில்லை.

கூட்டம் கூடிவிட்டது. யானை கேட்டது: "என்ன காலி? பழைய வேர் தீர்ந்துவிட்டதென்று போன வாரம் மழையில்தானே புது வேர் பிடுங்கிவந்து உன் கையில் கொடுத்தேன்?"

"வைத்தேன், யானையண்ணா! என் வால்மேல் ஆணையாக வைத்தேன்! இப்போது இல்லை. என் வித்தை தப்பாது. யாரோ திருடிவிட்டார்கள்!"

திருட்டு என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், எல்லா மிருகங்களும் பக்கத்தில் இருப்பதை விட்டு ஓரடி தள்ளி நின்றன. கரடி மயிலைப் பார்த்தது. மயில் யானையைப் பார்த்தது. நரி எல்லாரையும் பார்த்தது.

"யோசித்துப் பாருங்கள்" என்றது நரி. "விஷமுறி வேர் யாருக்கு வேண்டும்? பாம்போடு தினமும் மல்லுக்கு நிற்கிறவனுக்குத்தானே வேண்டும்?"

எல்லாத் தலைகளும் கீரியின் பக்கம் திரும்பின. கீரி இரண்டடி பின்வாங்கியது.

"நானா? என்னைப் பாம்பு கடித்ததே இல்லையே! எனக்கு எதற்கு வேர்?"

"கேட்டீர்களா?" என்றது நரி. "இத்தனை பாம்போடு சண்டை போட்டும் ஒரு கடிகூடப் படவில்லையாம். வேரைத் தின்று தின்றுதான் இப்படி இருக்கிறான்!"

கரடி கீரியின் வளைக்கு ஓடியது. இரண்டு கையாலும் மண்ணை வாரி இறைத்தது. கீரியின் குட்டிகள் கத்திக்கொண்டு வெளியே உருண்டன. வளை முழுவதும் இடிந்து விழுந்தது. வேர் மட்டும் கிடைக்கவில்லை.

"ஒன்றுமே இல்லையே" என்றது கரடி.

"அப்படியானால் ரொம்ப நன்றாக ஒளித்துவைத்திருக்கிறான்" என்றது நரி.

பாருங்கள் அநியாயத்தை! கிடைத்தாலும் திருடன், கிடைக்காவிட்டாலும் திருடன். பாவம், கீரி என்னதான் செய்யும்?

மான் குட்டிக்கு மூச்சு இழுத்தது. வெயில் ஏறிக்கொண்டே போனது. மிருகங்கள் கீரியைப் பாறை விளிம்புவரை நெருக்கிக்கொண்டு வந்தன. கீழே வெள்ளம் சுழித்து ஓடியது.

"வேரைக் கொடு. இல்லையென்றால் தள்ளிவிடுவோம்!" என்றது கரடி.

கீரிக்குப் பின்னால் போக இடமில்லை. ஆனாலும் புத்தி மட்டும் ஓடியது. இந்தக் கூட்டத்தில் தன்னைக் காப்பாற்ற யாரால் முடியும்? தன்னை மாட்டிவிட்டவனால்தான் முடியும் என்று அதற்குத் தோன்றியது.

"நரியாரே, சாவதற்கு முன்னால் ஒன்று கேட்கட்டுமா? உங்களைப்போலச் சந்தேகப்படத் தெரிந்தவர் இந்தக் காட்டில் வேறு யாராவது உண்டா?"

"கிடையாது" என்று நரி மார்பை நிமிர்த்தியது.

"பிறகு ஏன் குரங்கு சொன்னதை மட்டும் அப்படியே நம்பிவிட்டீர்கள்?"

நரிக்குச் சுருக்கென்றது.

"அது தொட்டதே நாலைந்து குழிதான்" என்றது கீரி. "மற்ற குழிகளில் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தது?"

"பார்க்கவே வேண்டாம்!" என்று குதித்தது குரங்கு. "இடது பக்கத்தில் இருக்கவே முடியாது!"

"ஏன் முடியாது?" என்று கேட்டது நரி.

"ஏனென்றால்... ஏனென்றால்... முடியாது என்றால் முடியாது! வித்தை அப்படி!"

நரியின் இரண்டு காதுகளும் விடைத்துக்கொண்டன. காரணம் சொல்லத் தெரியாமல் சத்தம் போடுகிறவர்களைக் கண்டாலே அதற்கு ஆகாது. விறுவிறுவென்று இடது கோடிக்குப் போனது. முதல் குழியை நக்கியது. இனித்தது, அதிமதுரம். இரண்டாவது குழியை நக்கியது.

"தூ! தூ! ஐயையோ!"

நரியின் முகம் எட்டுக் கோணலாகப் போயிற்று. நாக்கைப் பாறையில் தேய்த்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடியது. யானை தும்பிக்கையை நீட்டிக் குழிக்குள் மோந்து பார்த்தது.

"அடடே, இது நான் கொண்டுவந்த விஷமுறி வேர்தான்!"

மான் வேரைக் கவ்விக்கொண்டு பறந்தது. மென்று சாற்றைக் குட்டியின் வாயில் விட்டது. கொஞ்ச நேரத்தில் குட்டி கண் திறந்து பால் தேடியது. தாய்மான் அதை நக்கி நக்கி அழுதது.

பாறைமேல் குரங்கு திருதிருவென்று விழித்தது.

"இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அன்றைக்கு நல்ல மழை" என்று இழுத்தது. "அந்தக் கோடி வரை யார் போவது என்று, கைக்கு எட்டிய காலிக் குழியில் போட்டுவிட்டேன். எங்கே போட்டால் என்ன, நடுவிலிருந்து தேடினால் எதுவும் கிடைத்துவிடும் என்றுதான்..."

"அடப்பாவி!" என்று பிளிறியது யானை. "கசப்பு வரிசையாக இருந்ததால்தானே அழுங்கு தைரியமாகப் பாதியை விட்டது! வரிசையைக் கெடுத்துவிட்டு நடுவில் நக்கினால் என்ன, தலைகீழாக நின்று நக்கினால் என்ன?"

பிறகு எல்லாரும் அசடு வழியக் கீரியிடம் போனார்கள்.

"தப்பாக எடுத்துக்கொள்ளாதே, தம்பி" என்றது நரி. கசப்பில் அதன் நாக்கு இன்னும் குழறியது. "ஏதோ அவசரம்."

"வளையை வேண்டுமானால் மூடிவிடட்டுமா?" என்றது கரடி.

கீரி இடிந்த வளையை ஒரு பார்வை பார்த்தது. ஒரு குட்டியை வாயில் கவ்வியது. மற்ற குட்டிகள் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தன. மலை தாண்டி இருக்கிற அடுத்த காட்டுக்கு அது போய்விட்டது.

அதன்பிறகு அந்தக் காட்டில் பாம்புகளை விரட்ட ஆளில்லை. விஷமுறி வேர் தினம் தினம் தேவைப்பட்டது.

நீதி: தேடியது கிடைக்காவிட்டால் முதலில் தேடிய வழியைச் சந்தேகப்படு, பக்கத்தில் இருப்பவரை அல்ல.