காவலுக்கு வைத்த தோல்

சுற்றுவட்டாரத்துப் பாம்புகளையெல்லாம் பிடித்து வரச்சொல்லி, தோலை உரித்து விற்றே மாடி வீடு கட்டியவர் தணிகாசலம் முதலாளி. பாம்பு குறையக் குறைய எலி பெருத்தது. கடைசியில் அவருடைய நெல் கிடங்கிலேயே மூட்டைக்கு மூட்டை ஓட்டை.

கிடங்கைக் கூட்டும் பூங்காவனத்தைக் கூப்பிட்டார்.

"நாளைக்குக் காலையில நெல் வாங்க வியாபாரிங்க வர்றாங்க. ஒரு எலி கண்ணுல பட்டாலும் உனக்கு வேலையும் இல்ல, குடியிருக்கக் குடிசையும் இல்ல!"

"பாம்பை விட்டு வெச்சிருந்தா அதுவே தின்னிருக்குமே முதலாளி?"

"பாம்புல தோலுதான் காசு. மத்ததெல்லாம் குப்பை. வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு!"

"அப்படியே ஆகட்டுங்க."

மறுநாள் வியாபாரிகளோடு வந்து கிடங்கைத் திறந்தார் முதலாளி. பக்கத்து அறையில் கப்பலில் வெளிநாட்டுக்கு அனுப்பக் கட்டி வைத்திருந்த பாம்புத்தோல் அத்தனையும் நெல் மூட்டைகளின் மேல் விரித்துப் போட்டிருந்தது. எலிகள் அதைக் கடித்துக் குதறி, மெத்தையாக்கிப் படுத்திருந்தன.

"அடிப்பாவி! என்னடி இது?"

பூங்காவனம் துடைப்பத்தோடு முன்னால் வந்தாள். "காசுன்னு நீங்க சொன்ன பாகத்தைத்தான் முதலாளி காவலுக்கு வெச்சேன். அது ஒரு எலியைக்கூடப் பிடிக்கல. குப்பைன்னு வீசுனீங்களே பல்லும் வயிறும், இத்தனை நாளா உங்க நெல்லைக் காப்பாத்துனது அதுதான் போலிருக்கு."

வியாபாரிகள் சிரித்துவிட்டார்கள்.

"வெளியே போடி!" என்று முதலாளி கத்தினார்.

துடைப்பத்தை அவர் காலடியில் போட்டாள்.

"நான் போறேன். இதே மாதிரி எலியையும் அதட்டிப் பாருங்க, போகுதான்னு."